டயர் சொல்லும் கணக்கு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

முன்னுரை

மனிதன் கண்டறிந்த கருவிகளுள் தலைசிறந்தது எது என்று வினவினால், சக்கரமே என்பார் பலர். நாள்தோறும் நாம் கல்லூரிக்கு ஏறி வரும் பேருந்து ஆறு டயர்களின் மேல் உருண்டு வருகிறது. அந்த டயர்களின் பக்கச்சுவரில் எண்களும் எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். படித்தவர் எத்தனை பேர்? டயர்களுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்த நானும் சென்ற கோடை விடுமுறை வரையில் அவற்றைப் படித்ததில்லை. படிக்க வைத்தது ஒரு விபத்து.

என் தந்தையார் மேலூர்ச் சாலையில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு ஆங்கில எழுத்து தெரியாது, எண்கள் தெரியும். லாரிக்காரர்கள் வந்து, "அண்ணே, பத்து இருபது ஒண்ணு கழட்டணும்" என்பார்கள். சில நாள் "ஒன்பது இருபது", சில நாள் "ஏழு ஐம்பது பதினாறு". அந்த எண்ணைக் கேட்டதுமே எந்த டியூப், எந்த பிளாப், எந்த லிவர் என்று அவர் கை தானாகப் போகும். பார்த்த மாத்திரத்தில் ஒரு டயரின் அளவைச் சொல்லிவிடுவார்.

என் அண்ணன் கடன் வாங்கிய பணத்தில் ஒரு சிறிய சரக்கு வண்டி ஓட்டுகிறான். எங்கள் பக்கம் அதனைக் "குட்டி யானை" என்பார்கள். அதன் பின் டயர் ஒன்று தேய்ந்து மொட்டையாகிவிடவே, அப்பா மதுரையில் ஒரு பழைய டயர்க் கடைக்குச் சென்றார். "அதே நம்பர்தாண்ணே, கார்ல கழட்டுனது, புதுசு மாதிரி இருக்கு" என்று கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அப்பா 145 இருக்கிறதா என்று பார்த்தார்; இருந்தது. 12 இருக்கிறதா என்று பார்த்தார், அதுவும் இருந்தது. வாங்கி வந்து, தம் கையாலேயே மாட்டினார். அது வண்டியில் கச்சிதமாகப் பொருந்தியது.

மூன்றாம் நாள் நண்பகல், தேங்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போகையில், ஒத்தக்கடைக்கு முன்னால் யானைமலை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அந்த டயர் வெடித்தது. வண்டி சாய்ந்து புரண்டது. அண்ணனுக்கு வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. பெரியாஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, மூன்று மாதம் படுக்கையில் இருந்தான். அவன் உயிர் பிழைத்தது குலதெய்வத்தின் அருள் என்று அம்மா சொன்னார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் இரவு கடையை அடைக்கும்போது என்னைப் பார்த்து, "அளவு சரியாத்தானேப்பா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

சக்கரம் வந்த வழி

என் தாத்தா காலத்தில் கட்டை வண்டிதான். மரச் சக்கரத்தின் மேல் இரும்புப் பட்டா பூட்டுவார்கள். சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிய வளையமாகப் பட்டாவை அடித்து, நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் சக்கரத்தில் ஏற்றித் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டா சுருங்கி, மரத்தை இறுகக் கவ்விக்கொள்ளும். 5 அடி விட்டமுள்ள இரும்பு வளையம் 500 பாகை சூடேறினால் அதன் விட்டம் ஏறத்தாழ 9 மி.மீ. விரியும் என்று நம் வகுப்பில் படித்த வெப்ப விரிவுக் கணக்கு கூறுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத கொல்லர் இக்கணக்கைக் கையால் போட்டார். சக்கரத்தில் அளவு என்பது அன்றே உயிர்நாடி.

இரும்புப் பட்டாவின் இடத்தைக் காற்று பிடித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் முறைக்கு அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்றார். இன்றும் பஞ்சர் கடைப் பலகைகளில் "வல்கனைசிங்" என்று எழுதியிருப்பது அம்முறையின் பெயரே. காற்றடைத்த டயருக்கு முதலில் காப்புரிமை பெற்றவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இராபர்ட் வில்லியம் தாம்சன்; ஆண்டு 1845. ஆயினும் அது வழக்கில் வரவில்லை. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடவேண்டும் என்று காற்றடைத்த டயரைச் செய்தார். அதுவே உலகெங்கும் பரவியது.

நம் நாட்டில் டன்லப் நிறுவனம் 1936இல் வங்காளத்துச் சாகாகஞ்சில் டயர் ஆலையைத் தொடங்கியது. 1946இல் சென்னைத் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு தொழிலாகப் பிறந்த எம்.ஆர்.எப். பின்னர் டயர் உற்பத்தியில் இறங்கிப் பெருநிறுவனமாயிற்று. நம் மதுரைக்கும் இதில் பங்குண்டு. 1911இல் இங்கே தம் நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார், பேருந்துத் தொழிலோடு தேய்ந்த டயர்களுக்குப் புது ரப்பர் ஏற்றும் ரீட்ரேடிங் தொழிலையும் நடத்தியவர். மேலூரிலிருந்து வரும் மாணவர்கள் நாள்தோறும் கடக்கும் வெள்ளரிப்பட்டியில் இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கான டயர் ஆலை உள்ளது. டயர் நமக்கு அந்நியப் பொருள் அன்று. அதன் மொழிதான் நமக்கு அந்நியமாக இருக்கிறது.

கார் டயரின் மொழி

கார் டயர் ஒன்றில் "185/65 ஆர் 15" என்றிருப்பதாகக் கொள்வோம். இவ்வொரு வரியில் மூன்று வகை அளவுகள் உள்ளன.

185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். இது தரையைத் தொடும் பகுதியின் அகலமன்று. காற்றடைத்த டயரின் ஒரு பக்கச்சுவரிலிருந்து மறு பக்கச்சுவர் வரையுள்ள அகலம்.

65 என்பது நூற்றுவீதம். அதாவது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு.

"ஆர்" என்பது ரேடியல் என்பதன் முதலெழுத்து. 15 என்பது டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், இது அங்குலத்தில்.

மில்லிமீட்டர், நூற்றுவீதம், அங்குலம் என மூன்றையும் ஒரே வரியில் வைத்தது விந்தைதான். தொடக்கத்தில் எல்லாம் அங்குலமாகவே இருந்தன. அகலம் மெட்ரிக் முறைக்கு மாறியபோதும் ரிம் மாறவில்லை. 1970களில் மிஷலின் நிறுவனம் ரிம்மையும் மில்லிமீட்டருக்கு மாற்றிப் பார்த்தது, அம்முறை நிலைக்கவில்லை.

இனி இந்த டயரின் முழு விட்டத்தைக் காண்போம்.

பக்கச்சுவரின் உயரம் = 185 × 0.65 = 120.25 மி.மீ.
மேலும் கீழுமாக இரண்டு சுவர்கள் = 240.5 மி.மீ.
ரிம்மின் விட்டம் = 15 × 25.4 = 381 மி.மீ.
முழு விட்டம் = 621.5 மி.மீ.

இதே முறையில் "165/80 ஆர் 14" என்ற டயருக்கும் கணக்கிட்டுப் பாருங்கள். 132 + 132 + 355.6 = 619.6 மி.மீ. எண்கள் மூன்றும் வேறு; முழு விட்டத்திலோ 2 மி.மீ. கூட வேறுபாடு இல்லை. மாருதி ஸ்விப்ட் காரின் விலை குறைந்த வகையில் 14 அங்குல ரிம்மும், விலை கூடிய வகையில் 15 அங்குல ரிம்மும் வருவதற்கு இதுவே வழி செய்கிறது. ரிம் பெரிதானால் ரப்பர்ச் சுவர் குட்டையாகும், மொத்தம் மாறாது.

மொத்தம் மாறினால் என்னாகும்? வேகமானி, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்தே வேகத்தைக் காட்டுகிறது. மேற்சொன்ன 165/80க்குப் பதிலாக ஒருவர் அதே 14 அங்குல ரிம்மில் 175/65 டயரை மாட்டினால் விட்டம் 583.1 மி.மீ. ஆகக் குறையும். மணிக்கு 60 கி.மீ. என்று முள் காட்டும்போது வண்டி உண்மையில் 56.5 கி.மீ. வேகத்தில்தான் ஓடும். பெரிய டயரை மாட்டினால் இதற்கு நேர்மாறு. முள் குறைவாகக் காட்ட, வண்டி அதிக வேகத்தில் ஓடும். ஆபத்து இதில்தான் அதிகம்.

மோட்டார் சைக்கிளில் வரும் நண்பர்கள் தம் பின் டயரைக் குனிந்து பார்க்கலாம். பல வண்டிகளில் "80/100-18" என்றிருக்கும். 100 என்றால் உயரமும் அகலமும் சமம். கணக்கிட்டால் 617.2 மி.மீ. வரும். காரின் சக்கரமும் மோட்டார் சைக்கிளின் சக்கரமும் ஏறக்குறைய ஒரே உயரம்!

லாரி டயரின் மொழி

லாரி டயர்களில் பழைய அங்குல முறை இன்றும் வாழ்கிறது. "10.00-20" என்றால் அகலம் 10 அங்குலம், ரிம் 20 அங்குலம். இதில் நூற்றுவீதம் எழுதுவதில்லை. உயரம் ஏறக்குறைய அகலத்துக்குச் சமம் என்று கொள்ளவேண்டும். ஆகவே முழு விட்டம் 10 + 20 + 10 = 40 அங்குலம், அதாவது 1016 மி.மீ. உண்மை டயர் இதைவிடச் சற்றுப் பெரிது; சுமார் 1054 மி.மீ. இருக்கும். அப்பாவின் "பத்து இருபது" இதுவே.

எண்களுக்கு இடையில் சிறுகோடு இருந்தால் பழைய முறை டயர். நூலடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகச் சாய்ந்து ஓடும். கடைகளில் இதை "நைலான்" என்பார்கள். கோட்டின் இடத்தில் "ஆர்" இருந்தால் ரேடியல். இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓட, அவற்றின் மேல் எஃகுப் பட்டைகள் சுற்றியிருக்கும். ரேடியலில் பக்கச்சுவர் தனியாக மடங்கும். தரையைத் தொடும் பகுதி தட்டையாகவே நிற்கும். அதனால் சூடும் தேய்மானமும் குறைவு. இதற்கு மிஷலின் காப்புரிமை பெற்றது 1946இல். இரண்டும் மடங்கும் விதம் வேறாகையால் ஒரே அச்சில் ஒன்றை நைலானாகவும் மற்றொன்றை ரேடியலாகவும் மாட்டலாகாது.

புதிய பேருந்துகளிலும் கனரக லாரிகளிலும் "295/80 ஆர் 22.5" என்ற டியூப் இல்லா டயரைக் காணலாம். அந்த அரை அங்குலம் எதற்கு? டியூப் இல்லாத டயர் உட்காரும் ரிம் சரிவான இருக்கை கொண்டது. 20 அங்குல டியூப் டயரை அதில் யாரும் தவறி மாட்டிவிடாதபடி ரிம் அளவே வேறாக வைக்கப்பட்டுள்ளது. இதன் முழு விட்டம் 236 + 236 + 571.5 = 1043.5 மி.மீ. பத்து இருபதுக்கு மிக அருகில் வருகிறது. ரிம் பெரிதாகி, சுவர் குட்டையான அதே கதைதான்.

பத்து இருபது டயரின் ரிம் ஒரே துண்டு அன்று. டயரை ஏற்றியபின் பக்கவாட்டில் ஓர் இரும்பு வளையத்தைப் பூட்டவேண்டும். வளையம் சரியாக உட்காராமல் காற்றடித்தால், அது துப்பாக்கிக் குண்டுபோலப் பாயும். அப்பா அந்த ரிங்குக்கு எதிரே நின்று ஒருநாளும் காற்றடித்ததில்லை, எங்களையும் நிற்கவிட்டதில்லை.

லாரியின் பின்னால் ஒரு பக்கத்துக்கு இரண்டு டயர்கள் ஜோடியாக இருக்கும். அவை ஒரே அச்சில் பூட்டப்பட்டவை; ஒன்றுபோலவே சுற்றியாக வேண்டும். ஒன்றின் விட்டம் மற்றதைவிட 10 மி.மீ. குறைவு என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 31.4 மி.மீ. தூரம் குறையும். பத்து இருபது டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 302 சுற்றுச் சுற்றும். ஆகவே கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 9.5 மீட்டர் டயர் உருளாமல் தேய்த்து இழுக்கப்படும். மேலூரிலிருந்து மதுரைக்கு 30 கி.மீ. என்று கொண்டால் 285 மீட்டர்! அதோடு பெரிய டயரே பெரும்பகுதிச் சுமையைத் தாங்கவேண்டியும் வரும். ஜோடி மாட்டும்போது அப்பா இரண்டு டயர்களின் மேலும் ஒரு நேர்க்கட்டையை வைத்து இடைவெளி பார்ப்பார். இந்தக் கணக்கெல்லாம் தெரியாமலே சரியானதைச் செய்துவந்திருக்கிறார்.

அப்படிப்பட்டவர் எங்கே தவறினார்?

யாரும் படிக்காத கடைசி எண்

வெடித்த டயர் எங்கள் கடையின் மூலையில் கிடந்தது. அதை எடுத்து, துடைத்துப் படித்தேன். "145/80 ஆர் 12 74 டி" என்றிருந்தது. வண்டியின் மறுபக்கத்தில் இருந்த பழைய டயரையும் படித்தேன். "145 ஆர் 12 எல்.டி. 8 பி.ஆர். 86/84" என்றிருந்தது. அகலம் அதே 145. ரிம் அதே 12. அப்பா பார்த்த அளவு சரிதான். கடைக்காரர் "அதே நம்பர்" என்றதும் அந்த மட்டில் பொய்யன்று. வேறுபாடு வரியின் கடைசியில் இருந்தது.

அளவை அடுத்து வரும் இரண்டு அல்லது மூன்று இலக்க எண் சுமை எண் எனப்படும். அது கிலோகிராம் அன்று. ஓர் அட்டவணையின் வரிசை எண். அட்டவணையில் சில வரிகள்:

74 — 375 கிலோ
80 — 450 கிலோ
84 — 500 கிலோ
86 — 530 கிலோ
88 — 560 கிலோ
91 — 615 கிலோ
100 — 800 கிலோ
143 — 2,725 கிலோ
146 — 3,000 கிலோ

86/84 என்று இரண்டு எண்கள் இருந்தால், முதலாவது தனித்து மாட்டும்போதும் இரண்டாவது ஜோடியாக மாட்டும்போதும் ஒரு டயர் தாங்கும் சுமை. எண்ணை அடுத்த எழுத்து வேகத்தைக் குறிப்பது. கே என்றால் மணிக்கு 110 கி.மீ., எஸ் என்றால் 180, டி என்றால் 190, எச் என்றால் 210.

"8 பி.ஆர்." என்பது முற்காலத்தில் டயருக்குள் எத்தனை பருத்தி நூலடுக்குகள் இருந்தன என்பதன் கணக்கு. இன்று அத்தனை அடுக்குகள் இருப்பதில்லை. அத்தனை அடுக்குகளுக்கு ஈடான வலிமை உண்டு என்பதே பொருள். "எல்.டி." என்பது இலகு ரகச் சரக்கு வண்டிக்கு உரியது என்பதன் குறி.

இனி அண்ணனின் வண்டிக்கு வருவோம். அன்று ஏற்றியது ஏறக்குறைய 800 கிலோ தேங்காய். சரக்கின் பெரும்பகுதியும், வண்டியின் சொந்த எடையில் ஒரு பகுதியும் பின் அச்சின் மேல் விழும். கூட்டினால் சுமார் 1,000 கிலோ; ஒரு பின் டயருக்கு 500 கிலோ. 86 எண்ணுள்ள டயர் 530 வரை தாங்கும். 74 எண்ணுள்ள கார் டயரின் எல்லையோ 375. அதன்மேல் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக ஏற்றப்பட்டது.

மெல்லிய மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்ற கருத்தை வலியறிதல் அதிகாரத்தில் வைத்தார் வள்ளுவர். நாங்கள் ஏற்றியது மயிலிறகன்று; தேங்காய்.

சுமையைத் தாங்குவது எது?

இரண்டு டயர்களும் ஒரே அளவாக இருக்க, ஒன்று மட்டும் எப்படி அதிகம் தாங்குகிறது? இந்த ஐயம் எனக்கும் எழுந்தது. நம் இயற்பியல் துறைப் பேராசிரியரிடம் கேட்டேன். "அழுத்தம் என்றால் என்ன? அதிலிருந்து தொடங்கு" என்றார். தொடங்கினேன்.

அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கினால் விசை. வண்டியின் எடையைத் தாங்குவது பெரும்பாலும் ரப்பரன்று, உள்ளிருக்கும் காற்று. 1,000 கிலோ எடையுள்ள காரில் ஒரு சக்கரத்துக்கு 250 கிலோ. டயரில் சதுர அங்குலத்துக்கு 33 பவுண்டு காற்று, அதாவது சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 2.3 கிலோ. 250ஐ 2.3ஆல் வகுத்தால் 108 சதுர செ.மீ. டயர் தரையைத் தொடும் பரப்பு இவ்வளவுதான். நம் உள்ளங்கை அகலம். நான்கு உள்ளங்கைகளின் மேல் ஒரு கார் ஓடுகிறது!

ஆகவே அதிகச் சுமைக்கு இரண்டே வழி: ஒன்று பரப்பு கூடவேண்டும், அன்றேல் அழுத்தம் கூடவேண்டும். 500 கிலோவைத் தாங்கும் டயரில் 36 பவுண்டு மட்டும் அடித்தால் பரப்பு 200 சதுர செ.மீ. ஆகும். அதாவது டயர் நசுங்கி, ஒவ்வொரு சுற்றிலும் பெரிதும் மடங்கி நிமிரும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அச்சிறு சக்கரம் நொடிக்குப் பத்துச் சுற்றுச் சுற்றுகிறது. மடங்கி நிமிரும் ரப்பர், பெற்ற ஆற்றல் முழுவதையும் திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கு வெப்பமாகிறது. இரும்புக் கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் கை சுடுவதை நாம் அறிவோம். அதுபோலவே. வெப்பம் மிகுந்தால் ரப்பருக்கும் நூலுக்கும் உள்ள பிடிப்பு விடும்.

60 பவுண்டு அடித்தால் பரப்பு 120 சதுர செ.மீ.க்குள் அடங்கும், மடங்கல் குறையும். ஆனால் அந்த அழுத்தத்தைத் தாங்கும் நூல்வலிமை டயருக்கு வேண்டும். 8 பி.ஆர். டயருக்கு அது உண்டு. கார் டயருக்கு இல்லை. வெடித்த டயரின் பக்கச்சுவரில் உச்ச அழுத்தம் 44 பவுண்டு என்று சிறிய எழுத்தில் இருந்தது. அப்பா சரக்கு வண்டிக்கு வழக்கமாக அடிக்கும் 60ஐ அடித்திருந்தார்.

குறைத்து அடித்திருந்தால் நசுங்கிச் சூடேறியிருக்கும். கூட்டி அடித்ததால் நூல் தளர்ந்தது. எப்படிப் பார்த்தாலும் அந்த வேலைக்கு உரிய டயர் அதுவன்று. இதுவே அப்பாவின் கேள்விக்கு விடை. அளவு சரி, வலிமை சரியில்லை.

லாரிகளுக்கும் இது பொருந்தும். நான்கு டயர்கள் கொண்ட பின் அச்சுக்கு முன்பு 10.2 டன் அனுமதி. ஜோடிச் சுமை எண் 143 உள்ள நான்கு டயர்கள் 4 × 2,725 = 10,900 கிலோ தாங்கும்; போதுமானது. 2018இல் நடுவணரசு இவ்வச்சின் அனுமதியை 11.5 டன்னாக உயர்த்தியது. 143 இதற்குப் போதாது. 146 இருந்தால் 12,000 கிலோ, போதும். இரண்டும் வெளியில் பார்த்தால் ஒரே பத்து இருபதுதான்.

கோடையும் காற்றும்

நம் மதுரைச் சமவெளியின் வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. காலையில் 30 பாகையில் 33 பவுண்டு அடித்த டயர், ஓடிச் சூடேறி உட்காற்று 60 பாகையானால் என்னாகும்? வளிமண்டல அழுத்தம் 14.7ஐச் சேர்த்து, கெல்வின் வெப்பநிலையில் கணக்கிட்டால் 47.7 × 333 ÷ 303 = 52.4. வளிமண்டலத்தைக் கழித்தால் 37.7. ஏறத்தாழ 5 பவுண்டு கூடுகிறது. இதைப் பார்த்து அஞ்சி, வழியில் நிறுத்திக் காற்றை இறக்குவோர் உண்டு. அது தவறு. ஆறியபின் டயரில் காற்று குறைந்து, மறுநாள் நசுங்கி மேலும் சூடேறும். காற்றை எப்போதும் ஆறிய டயரில்தான் அளக்கவேண்டும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஐ.எஸ்.ஐ. முத்திரை: 2009ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி வாகன டயர்களுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது.

பிறந்த நாள்: பக்கச்சுவரில் ஒரு சிறு கட்டத்துள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ஓடாமலே கிடந்த டயரும் முதுமை அடையும். ரப்பர் இறுகி வெடிப்பு விடும். "புதுசு மாதிரி" என்ற சொல்லை நம்பாமல் இதைப் பார்க்கவேண்டும்.

பள்ளத்தின் ஆழம்: கார், லாரிகளில் இது 1.6 மி.மீ.க்குக் குறையலாகாது. பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சிறு மேடுகள் இருக்கும். தேய்ந்த டயரின் மேற்பரப்பு அம்மேடுகளோடு சமமாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. மழைநீரை ஒதுக்கித் தள்ளுவது இப்பள்ளங்களே.

முடிவில், அளவோடு சுமை எண்: வண்டியின் கதவோரத்திலோ கையேட்டிலோ குறித்துள்ள எண்ணுக்குக் குறைந்ததை மாட்டலாகாது.

முடிவுரை

விடையைக் கண்டுபிடித்த அன்று அதை அப்பாவிடம் சொல்லத் தயங்கினேன். தம் கையால் மாட்டிய டயர் என்ற வேதனை அவருக்கு ஏற்கெனவே இருந்தது. ஆயினும் சொன்னேன். இரண்டு டயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடைசி எண்ணைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இத்தனை வருசமா இது கண்ணுலயே படலையே" என்றார்.

அவர் கண்ணில் படாததற்குக் காரணம் உண்டு. அந்த எண்ணுக்குப் பொருள் சொல்லும் அட்டவணை டயரில் இல்லை. எங்கோ ஒரு புத்தகத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது. அந்த ஆங்கிலத்தைப் படிக்கக் கற்ற நான் அதே வீட்டில்தான் இருந்தேன். டயர் மாட்டிய அன்று கடையிலேயே உட்கார்ந்து, பருவத் தேர்வு முடிந்த மகிழ்ச்சியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டடி தூரத்தில் இருந்த ஒரு வரியைப் படிக்கவில்லை. குறை அப்பாவுடையது என்று நான் எப்படிச் சொல்வேன்?

இப்போது எங்கள் கடைச் சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது. 74 முதல் 152 வரை சுமை எண்களும், அவற்றுக்கு நேரே கிலோ கணக்கும் தமிழில் எழுதியிருக்கிறேன். பக்கத்துக் கடைக்காரர் இருவர் படி எடுத்துப் போயிருக்கிறார்கள். அண்ணன் சற்றுத் தாங்கித் தாங்கி நடக்கிறான். மீண்டும் வண்டி எடுத்துவிட்டான். பழைய டயர் வாங்கும்போதெல்லாம் அப்பா கடையிலிருந்தே எனக்குத் தொலைபேசியில் எண்களைப் படித்துக் காட்டுவார். இப்போது அதுவும் தேவைப்படுவதில்லை. "146 போட்டிருக்கு, மூவாயிரம் கிலோ, சரிதானே?" என்று அவரே சொல்லிவிடுகிறார்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நம் பெற்றோர் உழவிலோ தறியிலோ பட்டறையிலோ நாளும் கையாளும் பொருள்களின் மேல் நாம் படிக்கும் பாடம் எழுதப்பட்டிருக்கிறது. உர மூட்டையில், மருந்துச் சீட்டில், மின்மோட்டாரின் தகட்டில். தேர்வுக்குப் படிப்பதோடு நில்லாமல், இவற்றையும் வீட்டார்க்குப் படித்துக் காட்டுவோம். இன்று மாலை வீடு திரும்புகையில், பேருந்து நிற்கும் நேரத்தில், அதன் டயரைக் குனிந்து ஒருமுறை பாருங்கள். கடைசி எண்ணையும் சேர்த்துப் படியுங்கள்.